கணினிச் சட்டம் கொண்டுவரும் முன் யாரைக் கேட்பது?

ஒரு சட்டசபை உறுப்பினர் முன்னால் கணினி சம்பந்தமான மசோதா ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முகத்தை அடையாளம் காணும் கேமரா, ஆன்லைன் சூதாட்டம், ரேஷன் கடையில் கைரேகை, வாட்ஸ்அப்பில் பரவும் வதந்தி, எதுவாகவும் இருக்கலாம். இது நடக்கிற காரியமா, நடந்தால் வேறு எது கெட்டுப்போகும் என்று அவர் யாரிடம் கேட்பார்? துறைச் செயலரிடம் கேட்டால் துறையின் பதில் வரும். பொருளை விற்கும் நிறுவனத்திடம் கேட்டால் விற்கிறவரின் பதில் வரும். இரண்டு பதிலிலும் உண்மை இருக்கலாம். அதைச் சரிபார்த்துச் சொல்ல, எந்தத் தரப்பையும் சாராத மூன்றாவது ஆள் வேண்டும்.

அந்த மூன்றாவது ஆளைத் தேடப் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அரசே நிபுணர் குழு அமைக்கலாம். சட்டமன்றம் தனக்கென்று ஓர் ஆய்வு அலுவலகம் வைத்துக்கொள்ளலாம். தேசிய அறிவியல் கழகத்திடம் ஒப்படைக்கலாம். கணினித் துறையினரின் தொழில்முறைச் சங்கத்தைக் கேட்கலாம். யாரும் கேட்காமலே நிபுணர்கள் தாங்களாகக் கூடி அறிக்கை எழுதுவதும் உண்டு. நீதிமன்றம் ஒரு பேராசிரியரை அழைத்துக் கேட்பதும் உண்டு. பொதுவாகப் பேசினால் ஒவ்வொன்றுக்கும் நாலு நன்மை, நாலு குறை என்று பட்டியல் போட்டு முடித்துவிடலாம். முடிவெடுக்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. நல்லவேளையாக, ஏறக்குறைய ஒரே கேள்வி இந்த எல்லா வகை ஆலோசகர்களிடமும் போயிருக்கிறது. அந்தக் கதையை வைத்தே ஒப்பிடலாம்.

கிளிப்பர் சிப்

1993 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவில் கிளின்டன் அரசு கிளிப்பர் என்ற சிப்பை அறிவித்தது. தொலைபேசியில் பொருத்தினால், வெளியார் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேச்சைக் குறியாக்கம் செய்துவிடும். ஆனால் ஒவ்வொரு சிப்பின் சாவியும் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசு அமைப்புகளிடம் இருக்கும். சட்டப்படி அனுமதி வாங்கி வரும் புலனாய்வுத் துறைக்கு இரண்டு பாதியும் கிடைக்கும். சேர்த்துப் பேச்சைக் கேட்டுக்கொள்ளலாம். உள்ளே இருந்த அல்காரிதத்தின், அதாவது பேச்சைக் குறியாக்கும் கணக்கு முறையின், பெயர் ஸ்கிப்ஜாக். அதை வடிவமைத்தது என்.எஸ்.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமை. அல்காரிதம் ரகசியமாகவே வைக்கப்பட்டது.

ரகசியமாக இருப்பதை மக்கள் எப்படி நம்புவார்கள்? அரசு வெளியிலிருந்து ஐந்து நிபுணர்களை அழைத்து, அவர்களுக்கு மட்டும் ஸ்கிப்ஜாக்கைத் திறந்து காட்டியது. ஐவரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டோரதி டென்னிங், வலையமைப்புப் பாதுகாப்பில் பெயர் பெற்ற ஸ்டீபன் கென்ட், ஐபிஎம்மில் டெஸ் என்ற புகழ்பெற்ற குறியாக்க அல்காரிதத்தை உருவாக்கிய குழுவை நடத்திய வால்டர் டக்மன் போன்றவர்கள். 1993 ஜூலை 28 அன்று இடைக்கால அறிக்கை கொடுத்தார்கள். ஸ்கிப்ஜாக் பலமானது, எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்து அதை உடைக்கும் அபாயம் அடுத்த முப்பது நாற்பது வருடங்களுக்குக் குறிப்பிடும்படி இல்லை என்றார்கள்.

அவர்கள் சொன்னது தப்பில்லை. 1998-இல் ஸ்கிப்ஜாக் பகிரங்கமானபோது உலகின் சிறந்த குறியாக்க ஆய்வாளர்கள் அதன் மேல் பாய்ந்தார்கள். அது தகவலை 32 சுற்றுகளாகக் கலைக்கும், அதில் 31 சுற்று வரை உடைத்துக் காட்டினார்கள். முழு ஸ்கிப்ஜாக் தாங்கியது.

ஆனால் அதற்குள் கிளிப்பர் வேறொரு இடத்தில் ஓட்டையாகிவிட்டிருந்தது. ஒவ்வோர் அழைப்பிலும் சிப் ஒரு சிறிய தகவல் பொட்டலத்தைச் சேர்த்து அனுப்பும். அரசு பேச்சைத் திறக்க வேண்டுமென்றால் அந்தப் பொட்டலம் வேண்டும். மறுமுனையில் இருக்கும் சிப், பொட்டலம் சரியானதுதானா என்று 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றை வைத்துப் பார்க்கும். 16 பிட் என்றால் மொத்தமே 65,536 வாய்ப்புகள். 1994-இல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்தார். போலிப் பொட்டலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று தேறிவிடும். அப்புறம் பேச்சு பலமான குறியாக்கத்தோடு போகும், ஆனால் அரசால் திறக்க முடியாது. அதாவது, திட்டம் எதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அதுவே அடிபட்டுப்போனது.

ஐவரிடம் பூட்டு உறுதியா என்று கேட்டார்கள், அவர்கள் பூட்டைப் பார்த்து உறுதி என்றார்கள். கதவின் கீல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அறிக்கை அல்காரிதத்தைப் பற்றியது மட்டுமே, முழு அமைப்பைப் பற்றியது அல்ல என்று ஐவரே அதில் எழுதியிருந்தார்கள். படித்தவர்களும் பேசியவர்களும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். "நிபுணர்கள் பார்த்துவிட்டார்கள்" என்பது மட்டும் நின்றது.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐவரில் ஒருவர் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கிளிப்பர் பொருத்திய தொலைபேசியைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான். ஓட்டையைக் கண்டுபிடித்த பிளேஸ் எங்கே வேலை பார்த்தார்? அதே ஏடி அண்ட் டியின் பெல் ஆய்வுக்கூடத்தில். ஆக, சம்பளம் தருவது யார் என்பதை வைத்து மட்டும் அளந்தால் இந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியிருக்கும். வித்தியாசம் எங்கே என்றால், ஒருவருக்குக் கேள்வியை அரசு எழுதிக் கொடுத்தது. இன்னொருவர் தன் கேள்வியைத் தானே எழுதிக்கொண்டார். ஆலோசனையின் சுதந்திரத்தை அளக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பணம் அதற்கு அடுத்தது.

அரசு அமைக்கும் குழு எப்போது வேலை செய்யும்?

அப்படியானால் அரசு அமைக்கும் குழுவே வேண்டாமா என்றால், வேண்டும். வேகம் அதன் பெரிய பலம். ரகசிய ஆவணங்களைப் பார்க்கும் வாய்ப்பும் அதற்குத்தான் கிடைக்கும். ஆனால் குழுவில் இருப்பவருக்கு ஆய்வு வரம்பைத் தாண்டிப் பேசும் உரிமை இருக்க வேண்டும். அது இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

1985-இல் ரீகன் அரசின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்கான கணினிக் குழுவில் டேவிட் பார்னஸ் என்ற மென்பொருள் அறிஞர் இருந்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் டாலர் ஊதியம். நம்பி ஒப்படைக்கக்கூடிய மென்பொருளை இந்த வேலைக்கு எழுதவே முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ராஜினாமா செய்தார். காரணங்களை எட்டுச் சிறு கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். அன்று குழுவுக்குள் இருந்து அவர் சொல்லியிருந்தால் அது ஓர் அறிக்கையின் அடிக்குறிப்பாகப் போயிருக்கும்.

இரண்டாவது 2004-இல் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தினரும் குடிமக்களும் இணையம் வழியே வாக்களிக்க சர்வ் என்ற திட்டத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தயாரித்தது. அதைச் சோதிக்கப் பத்து நிபுணர்களை அழைத்தது. அவர்களில் நால்வர், டேவிட் ஜெஃபர்சன், அவி ரூபின், பார்பரா சைமன்ஸ், டேவிட் வாக்னர், அந்த ஜனவரியில் தங்கள் பெயரில் தனி அறிக்கை வெளியிட்டார்கள். இன்றைய இணையத்திலும் இன்றைய கணினிகளிலும் இதைப் பாதுகாப்பாகச் செய்ய வழியில்லை, நிறுத்துங்கள் என்றார்கள். சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. மற்ற ஆறு பேர் சேரவில்லை. பத்துப் பேரும் ஒத்துக்கொண்டால்தான் அறிக்கை என்று விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமன்றத்தின் சொந்த அலுவலகம்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அப்போது தனக்கென்று ஓர் ஆய்வு அலுவலகம் இருந்தது. தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் என்று பெயர். 1972-இல் சட்டம் இயற்றி உருவாக்கினார்கள். மேற்பார்வைக் குழுவில் செனட்டிலிருந்து ஆறு பேர், பிரதிநிதிகள் சபையிலிருந்து ஆறு பேர், இரண்டு கட்சிக்கும் சரிபாதி. எந்தக் கட்சி பெரும்பான்மை பெற்றாலும் இந்தப் பங்கு மாறாது. கேள்வியை நாடாளுமன்றக் குழுக்கள் கேட்கும். வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்துப் பேசி, அலுவலக ஊழியர்கள் அறிக்கை எழுதுவார்கள். மூடும் வரை சுமார் 750 அறிக்கைகள் எழுதியிருக்கிறார்கள்.

கிளிப்பர் விவகாரத்தில் இந்த அலுவலகம் 1994 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தது. வலையமைப்புகளில் தகவல் பாதுகாப்பும் அந்தரங்கமும் என்பது பொருள். ஐவர் குழுவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஸ்கிப்ஜாக் பலமானதா என்பதோடு இவர்கள் நிற்கவில்லை. குறியாக்கக் கொள்கையை முடிவு செய்வது யார், நிர்வாகத் துறை மூடிய கதவுக்குப் பின்னால் முடிவு செய்யும்போது நாடாளுமன்றம் என்ன செய்யலாம், எந்த வழியில் போனால் என்ன விளைவு என்று பல வழிகளை விரித்துவைத்தார்கள். இதைச் செய் என்று எங்கும் சொல்லவில்லை. அதுதான் அந்த அலுவலகத்தின் நெடுநாள் பழக்கம்.

இந்தப் பழக்கத்தைக் கோழைத்தனம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாக்குப் போடுவது உறுப்பினரின் வேலை, எந்த வாக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டுவது அலுவலகத்தின் வேலை. அதைவிட, இரண்டு கட்சிக்காரர்களும் அதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிராக வாதாட முடிந்தால், விவாதம் குறைந்தபட்சம் ஒரே உண்மைகளின் மேல் நடக்கும்.

அலுவலகம் பணத்தையும் மிச்சப்படுத்தியது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணினி மாற்றத் திட்டத்தை ஆராய்ந்து அவர்கள் சொன்ன திருத்தங்களால் மட்டும் 368 மில்லியன் டாலர் மிஞ்சியதாகச் சொல்வார்கள். அலுவலகத்தின் ஒரு வருடச் செலவு 20 மில்லியன் டாலரை ஒட்டித்தான் இருந்தது.

இவ்வளவும் இருந்தும் 1995 செப்டம்பர் 29 அன்று அதை மூடிவிட்டார்கள். 1994 தேர்தலில் பெரும்பான்மை பெற்ற குடியரசுக் கட்சி, நாடாளுமன்றத்தின் செலவைக் குறைக்கும் திட்டத்தில் இதற்கான நிதியை நிறுத்தியது. சட்டத்தை ரத்து செய்யவில்லை, காசு மட்டும் ஒதுக்கவில்லை. அந்தச் சட்டம் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. இந்த வழியின் மிகப் பெரிய பலவீனம் அதுதான்: யாருக்கு ஆலோசனை சொல்கிறதோ அவர்களே ஒரு பட்ஜெட் வரியில் அதை இல்லாமல் ஆக்கிவிடலாம். இன்னொரு பலவீனம் வேகம். ஒரு பெரிய அறிக்கைக்கு ஒன்றரை, இரண்டு வருடங்கள் ஆகும். மசோதா அதுவரை காத்திருக்காது.

தேசிய அறிவியல் கழகம்

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1863-இல் லிங்கன் காலத்தில் தொடங்கியது. அரசு கேட்டால் ஆலோசனை சொல்வது அதன் கடமைகளில் ஒன்று. கிளிப்பர் சர்ச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, குறியாக்கக் கொள்கை முழுவதையும் ஆராயும்படி நாடாளுமன்றம் சட்டத்தின் மூலமே அந்த அமைப்பைக் கேட்டது. கென்னத் டாம் தலைமையில் 16 பேர் கொண்ட குழு. முன்னாள் அட்டர்னி ஜெனரல், என்.எஸ்.ஏ.-வின் முன்னாள் துணைத் தலைவர், பொதுச்சாவிக் குறியாக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் ஹெல்மன், கணினி அபாயங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவந்த பீட்டர் நியூமன் எல்லோரும் ஒரே மேஜையில். அந்த 16 பேரில் 13 பேர் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி பெற்று, புலனாய்வுத் துறைகள் சொன்னதையெல்லாம் கேட்டார்கள்.

1996 மே மாதம் அறிக்கை வந்தது. குறியாக்கம் பரவலாவதால் வரும் நன்மை தீமையைவிட அதிகம் என்றது. ஆனால் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய முடிவு வேறு: இந்தக் கொள்கையைப் பற்றி ரகசியத் தகவல் இல்லாமலே முறையாக விவாதித்து முடிவெடுக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. எங்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்ற வாதத்தைப் பாதுகாப்புத் துறைகள் எப்போதும் வைக்கும். தெரிந்துகொண்ட 13 பேர் உட்பட எல்லோரும் கையெழுத்திட்டு அதை மறுத்தார்கள். இந்த ஒரு வேலையை வேறெந்த வகை ஆலோசகராலும் செய்திருக்க முடியாது. தொழில்முறைச் சங்கத்துக்கு ரகசியம் தெரியாது. அரசு அமைத்த குழுவுக்கு அந்தக் கேள்வி கொடுக்கப்படவில்லை.

விலை என்ன? ஏறக்குறைய இரண்டரை வருடங்கள். அறிக்கை வரும்போது கிளிப்பரை வாங்க ஆளில்லாமல் திட்டம் ஏற்கெனவே செத்துவிட்டது. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். குறியாக்க மென்பொருள் ஏற்றுமதிக்கு இருந்த கட்டுப்பாடுகள் 2000 ஜனவரியில் பெருமளவு தளர்ந்தன, அந்த வாதத்தில் இந்த அறிக்கைக்குப் பங்கு உண்டு. அவசர மசோதாவுக்குக் கழகத்திடம் போகாதீர்கள். பத்து வருடம் நிற்க வேண்டிய கொள்கைக்குப் போங்கள்.

சங்கமும் தன்னார்வலர்களும்

ஏசிஎம் என்பது 1947-இல் தொடங்கிய கணினித் துறையினரின் சங்கம். அதன் அமெரிக்கக் கொள்கைக் குழு 1990-களின் தொடக்கத்தில் உருவானது, முதலில் தலைமை ஏற்றவர் மேலே சொன்ன பார்பரா சைமன்ஸ். கிளிப்பர் விஷயத்தில் இந்தச் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. உண்மைகளையும் நிலைப்பாட்டையும் தனித்தனியாகப் பிரித்தது. ஸ்டீபன் கென்ட் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, அதில் டோரதி டென்னிங்கையும், அவரோடு கடுமையாக முரண்பட்ட குறியாக்க அறிஞர் விட்ஃபீல்ட் டிஃபியையும், என்.எஸ்.ஏ.-விலிருந்தும் அரசின் நீதி அமைச்சகத்திலிருந்தும் ஆட்களையும் சேர்த்தது. 1994 ஜூனில் வந்த அந்த அறிக்கை பரிந்துரை எதுவும் செய்யவில்லை, எல்லாத் தரப்பும் ஏற்கும் விதமாகப் பிரச்சினையை விவரித்தது. அதன் பிறகு சங்கத்தின் கொள்கைக் குழு தன் பெயரில் கிளிப்பரைத் திரும்பப் பெறும்படி அரசைக் கேட்டது.

கென்ட்டும் டென்னிங்கும் ஐவர் குழுவிலும் இருந்தவர்கள். அதே ஆட்கள்தான். வேறு கேள்வி கொடுத்தபோது வேறு, அகலமான அறிக்கை வந்தது.

சங்கத்தின் குறை என்னவென்றால் அது தொழில் செய்பவர்களின் சங்கம். தொழிலுக்குப் பாதகமான ஒரு விதியைப் பற்றி, உதாரணமாக மென்பொருள் தவறுக்குத் தயாரிப்பாளர் நஷ்டஈடு தர வேண்டும் என்பதைப் பற்றிக் கேட்டால், பதிலைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தன்னார்வலர்களின் அறிக்கை 1997 மே மாதம் வந்தது. கிளிப்பர் போனாலும், சாவியை மூன்றாம் ஆளிடம் ஒப்படைக்கும் யோசனை வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருந்தது. பிளேஸ், டிஃபி, நியூமன், ரொனால்ட் ரிவெஸ்ட், ராஸ் ஆண்டர்சன், புரூஸ் ஷ்னையர் உட்பட 11 பேர் சேர்ந்து ஒரு சிறிய அறிக்கை எழுதினார்கள். இந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியலுக்குள் போகவில்லை. கோடிக்கணக்கான சாவிகளை நாடு முழுவதும் பாதுகாத்து, கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கட்டினால் எத்தனை புது ஓட்டைகள் வரும், எவ்வளவு செலவாகும் என்று மட்டும் பார்த்தார்கள். 2015-இல் எஃப்.பி.ஐ. அதே கோரிக்கையை மறுபடி எழுப்பியபோது, அந்த 11 பேரும் புதியவர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு 15 பேராக மறுபடி எழுதினார்கள். பதினெட்டு வருட இடைவெளியில் அதே கூட்டம் நினைவு வைத்திருந்து திரும்பி வந்தது. அரசுக் குழுக்கள் அறிக்கை கொடுத்தவுடன் கலைந்துவிடும். இந்தக் கூட்டத்தைக் கலைக்க யாராலும் முடியாது, ஏனென்றால் யாரும் அதை அமைக்கவில்லை.

ஆனால் யாரும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒத்த கருத்துள்ளவர்கள் கூடி எழுதுவதால் எதிர்க்கருத்து அந்த அறிக்கைக்குள் இருக்காது. அதைப் படிப்பவர்தான் மறுதரப்பையும் தேடிப் படிக்க வேண்டும்.

அதே கேள்வி சென்னைக்கு வந்தபோது

2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில பொதுநல மனுக்கள் வந்தன. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்பது முதலில் கோரிக்கை. போகப்போக, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதில் வழக்கு வந்து நின்றது. நீதிமன்றம் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடியின் கருத்தைக் கேட்டது. 2019-இல் அவர் முடியும் என்று வழி சொன்னார். செய்தியோடு முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம். எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாம், அல்லது அதையும் குறியாக்கம் செய்து, நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டும் வாட்ஸ்அப் திறந்து காட்டும்படி வைக்கலாம்.

அதற்குப் பதிலாக ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் எழுதிய கருத்து, வழக்கில் சேர்ந்துகொண்ட ஒரு டிஜிட்டல் உரிமை அமைப்பின் வழியாகத் தாக்கலானது. ஏமாற்ற நினைப்பவர் அந்த அடையாளத்தையே மாற்றி, வேறொருவர் பேரில் போட்டுவிடலாம் என்றார் அவர். குற்றவாளி தப்பிப்பார், அப்பாவி மாட்டலாம், மற்ற எல்லோருடைய அந்தரங்கமும் குறையும்.

இருவரும் தங்கள் துறையில் தேர்ந்தவர்கள். இரண்டு கருத்தும் பொறுப்போடு எழுதப்பட்டவை. ஆனால் கிளிப்பர் கதையைப் படித்தவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஒருவரிடம் "செய்ய முடியுமா" என்று கேட்கப்பட்டது. மற்றவர் "செய்தால் என்ன ஆகும்" என்று பார்த்தார். நீதிமன்ற வழியின் நல்ல அம்சம், இரண்டாவது கருத்து உள்ளே வர இடம் இருந்தது. எதிர்த்தரப்பு என்று ஒன்று இருப்பதால் அது தானாகவே நடக்கிறது. மோசமான அம்சம், இரண்டு கருத்தையும் ஒன்றாக வைத்துச் சோதித்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு, முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் கடமையைப் பெரிய செய்திச் செயலிகளுக்கு விதியாகவே போட்டுவிட்டது. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி உறுப்பினர்கள் கையில் வைத்துப் பேச ஒரு பொது அறிக்கை இருக்கவில்லை.

தமிழ்நாடு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஆன்லைன் சூதாட்ட விஷயத்தில் தமிழக அரசு 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. ஒரு தொழில்நுட்ப வல்லுநர், ஒரு மனநல மருத்துவர், ஒரு காவல்துறை உயர் அதிகாரி உறுப்பினர்கள். இரண்டு வாரம் கெடு. ஜூன் 27 அன்று அறிக்கை வந்தது. தற்கொலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த வேகம் தேவைப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் அடிப்படையில் வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லும் என்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை. ஆன்லைன் ரம்மி, நேரில் ஆடும் ரம்மியிலிருந்து வேறுபட்டது என்பதை அரசு நிரூபிக்கவில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று.

அது முழுக்க முழுக்க ஒரு கணினிக் கேள்வி. சீட்டைக் கலைக்கும் நிரலை யார் தணிக்கை செய்கிறார்கள்? எதிரே ஆடுவது மனிதனா, தானாக ஆடும் நிரலா? யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதை நிறுவனம் எதை வைத்து முடிவு செய்கிறது? தோற்பவரைத் திரும்ப இழுக்க என்ன செய்கிறது? இதற்கெல்லாம் தரவு வாங்கி, சர்வர் பதிவுகளைப் பார்த்துப் பதில் சொல்ல மாதங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் நாலு பேரால் முடியாது. அதைச் செய்து வைத்திருக்கும் நிரந்தர இடம் ஒன்று சட்டசபைக்கு இல்லை.

அதனால் என் தேர்வு இதுதான்: சட்டசபைக்கே சொந்தமான ஒரு சிறிய ஆய்வு அலுவலகம். வேகத்துக்கு அரசுக் குழு, ஆழத்துக்கு அறிவியல் கழகம், எச்சரிக்கைக்குச் சங்கமும் தன்னார்வலர்களும் என்று மற்ற வழிகள் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் கேள்வியை எழுதத் தெரிந்த ஒருவர் சட்டமன்றத்துக்குள் இல்லாவிட்டால், மற்ற எல்லா வழியிலும் கேள்வியைத் துறைதான் எழுதும்.

அமெரிக்க அலுவலகத்தின் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஜெர்மனியில் 1990 முதல் நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தை ஒப்பந்த அடிப்படையில் கார்ல்ஸ்ரூவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் நடத்துகிறது. கேள்வி நாடாளுமன்றத்தின் குழுவிடமிருந்து வரும், ஆய்வு அங்கே நடக்கும். இங்கே அண்ணா பல்கலைக்கழகமோ சென்னையின் மற்ற ஆய்வு நிறுவனங்களோ அந்த இடத்தில் இருக்கலாம். ஒரே நிறுவனத்திடம் நிரந்தரமாகக் கொடுக்காமல் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தம் மாறுவது நல்லது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 1989-இல் போஸ்ட் என்ற அலுவலகம் இன்னும் சின்னதாக, அறக்கட்டளை நன்கொடைகளில்தான் தொடங்கியது. அதன் அடையாளமே நாலு பக்கக் குறிப்புகள். பிற்பாடு நாடாளுமன்றமே செலவை ஏற்று நிரந்தரமாக்கியது. தேவை என்று உறுப்பினர்களுக்கே தோன்றியதால் நிலைத்தது.

எந்த வடிவமானாலும் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனைகள் சில உண்டு. மேற்பார்வைக் குழுவில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் சரிபாதி இடம். கேள்வியின் வாசகம் ஆய்வு தொடங்கும் நாளிலேயே வெளியாக வேண்டும். அப்போதுதான் எதைக் கேட்கவில்லை என்பதையும் மற்றவர்கள் சொல்ல முடியும். ஆலோசனை சொல்பவர்கள் எந்த நிறுவனத்திடம், எந்தத் துறையிடம் பணம் வாங்கினார்கள் என்பது அறிக்கையிலேயே இருக்க வேண்டும். மாறுபடுகிறவர் தனிக் குறிப்பு எழுதலாம், அது சேர்த்தே அச்சாக வேண்டும். அறிக்கை மூடிய உறைக்குள் போகக் கூடாது. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 கைபேசிகளைச் சோதித்தது, ஐந்தில் ஏதோ ஒரு தீங்குநிரல் இருந்ததாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சோதனையின் முழு அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கவில்லை. சரியாகச் செய்தார்களா என்று வேறொரு நிபுணர் பார்த்துச் சொல்ல முடியாத ஆய்வால் சட்டம் எழுதுபவருக்கு என்ன உதவி?

இன்னொன்று, மொழி. 234 உறுப்பினர்களும் விவாதிப்பது தமிழில். துறைகளிலிருந்து வரும் தொழில்நுட்பக் காகிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆய்வு அலுவலகத்தின் குறிப்பு முதலில் தமிழில் எழுதப்பட வேண்டும், மொழிபெயர்ப்பாகப் பின்னால் வரக் கூடாது. ஆரம்பத்துக்குக் கணினி படித்த இரண்டு மூன்று பேரும், நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரும் போதும். முதல் வருடம் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். கணினி சம்பந்தமான ஒவ்வொரு மசோதாவோடும் நாலு பக்கம், மசோதா விவாதத்துக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பாக, உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரே நாளில்.